லோயிஸ் வெபர்: ஓர் இயக்குநரின் உயர்வும் மறைவும்

1916ஆம் ஆண்டில் யுனிவர்சல் நிறுவனத்தில் மிக உயர்ந்த சம்பளம் பெற்ற இயக்குநர் ஒரு பெண். லோயிஸ் வெபர் என்பது அவர் பெயர். வாரத்துக்கு 5,000 டாலர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஆண்கள் மட்டுமே இருந்த அமெரிக்கச் சலனப்பட இயக்குநர் சங்கம் அதே ஆண்டு அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நாட்டின் பெரிய இயக்குநர்களைப் பட்டியலிட்டவர்கள் டி. டபிள்யூ. கிரிஃபித், செசில் பி. டெமில் ஆகியோரோடு அவரையும் சேர்த்தே சொன்னார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1939 நவம்பர் 13 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் குடற்புண் இரத்தக்கசிவால் அவர் இறந்தபோது கையில் பணமில்லை. அவரிடம் உதவியாளராகத் தொழில் கற்று, பின்னாளில் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற திரைக்கதையாசிரியர் ஃபிரான்சிஸ் மரியன்தான் இறுதிச் சடங்குச் செலவை ஏற்றார்.

இந்த வீழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஆண்கள் அவரை வெளியே தள்ளினார்கள் என்பது ஒன்று. அவர் உபதேசம் செய்தார், 1920களின் ரசிகர்களுக்கு உபதேசம் கசந்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் அத்தனை உயரத்துக்கு முதலில் எப்படி வந்தார் என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது: வெபரை உயர்த்திய காரணமே பிறகு அவரைத் தேவையற்றவராகவும் ஆக்கியது. மதிப்பு தேடி அலைந்த ஒரு தொழிலுக்கு அவர் மதிப்பைக் கொண்டுவந்தார். அது கைக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தொழில் தன் அதிகாரத்தை வேறு கைகளில் ஒப்படைத்தது.

ஊழியத்திலிருந்து கேமராவுக்கு

ஃபுளோரன்ஸ் லோயிஸ் வெபர் 1879 ஜூன் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் அலகேனி நகரில் பிறந்தார். அந்த ஊர் இன்று பிட்ஸ்பர்க் நகரத்தின் ஒரு பகுதி. பக்தியில் தோய்ந்த குடும்பம். சிறு வயதிலேயே பியானோவில் தேர்ந்து, இளம்பெண்ணாகக் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தார். பிறகு கிறிஸ்தவ ஊழிய அமைப்பு ஒன்றில் சேர்ந்து, ஏழைகளும் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களும் வாழ்ந்த தெருக்களில் ஆர்கன் வாசித்து, பக்திப் பாடல்கள் பாடிப் பிரசங்கம் செய்தார். அவர் படங்களில் பின்னாளில் வரும் வாடகை வீடுகளும், கூலிக்குத் தேயும் பெண்களும், பசியும் அவருக்குப் புத்தகத்தில் கிடைத்தவையல்ல.

ஊழியத்தில் ஒரு நேரத்தில் சிலரைத்தான் சென்றடைய முடிந்தது. நாடகமேடை ஏறினால் பலரை எட்டலாம் என்ற எண்ணம் அவரைப் பயண நாடகக் குழு ஒன்றில் சேர்த்தது. அங்கே நடிகரும் மேடை நிர்வாகியுமான ஃபிலிப்ஸ் ஸ்மாலியைச் சந்தித்து 1904இல் மணந்துகொண்டார். சில ஆண்டுகளில் கௌமான்ட் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை கிடைத்தது. படத்தோடு இசைத்தட்டையும் இணைத்து ஓட்டும் க்ரோனோஃபோன் என்ற கருவிக்காக அந்த நிறுவனம் சிறு படங்கள் எடுத்துக்கொண்டிருந்தது. வெபர் அவற்றுக்கு எழுதினார், நடித்தார், பாடினார். உலகின் முதல் பெண் இயக்குநராகக் கருதப்படும் ஆலிஸ் கீ பிளாஷேயும் அவர் கணவர் ஹெர்பர்ட் பிளாஷேயும் இருந்த வட்டம் அது. பெண் ஒருத்தி படம் இயக்குவது அங்கே அதிசயமாக இருக்கவில்லை.

1910வாக்கில் வெபரும் ஸ்மாலியும் ரெக்ஸ் நிறுவனத்துக்கு வந்தார்கள். 'தி கிரேட் டிரெயின் ராபரி' எடுத்த எட்வின் எஸ். போர்ட்டர் தொடங்கிய நிறுவனம் அது. 1912இல் போர்ட்டர் விலகியதும் பொறுப்பு இந்தத் தம்பதியிடம் வந்தது. அதே ஆண்டு ரெக்ஸ், கார்ல் லேம்லி அமைத்த யுனிவர்சலின் ஓர் அங்கமானது. இருவரும் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். எழுதுவது, இயக்குவது, நடிப்பது, படத்தொகுப்பைக் கவனிப்பது என எல்லாவற்றையும் செய்துகொண்டு மாதந்தோறும் பல சிறு படங்களை வெளியிட்டார்கள். விளம்பரங்களில் 'ஸ்மாலி தம்பதி' என்று போடப்பட்டாலும், கதையும் திரைக்கதையும் இறுதி முடிவும் வெபருடையவை என்பதை உடன் பணியாற்றியவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஒரு ரீலில் ஒரு திரைமொழி

அந்தக் காலத்துச் சிறு படங்களில் இன்று எல்லோரும் பார்க்கக்கூடியது 1913இல் வெளிவந்த 'சஸ்பென்ஸ்'. நீளம் ஒரே ரீல், ஏறக்குறைய பத்து நிமிடம். கதை பழையது. ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் மனைவி, உள்ளே நுழையப் பார்க்கும் நாடோடி, நகரத்திலிருந்து விரைந்து வரும் கணவன். இதே சட்டகத்தில் கிரிஃபித் 1909இல் 'தி லோன்லி வில்லா' எடுத்திருந்தார். திருடர்கள், மனைவி, கணவன் என்று மாறிமாறி வெட்டிக் காட்டி அதில் பதற்றத்தைக் கூட்டினார்.

வெபர் அதே பதற்றத்தை வேறு வழிகளில் உண்டாக்கினார். மனைவி கணவனுக்குத் தொலைபேசியில் பேசும்போது திரை மூன்று முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒன்றில் அவள், ஒன்றில் கணவன், ஒன்றில் மிதியடிக்கடியில் சாவியைத் தேடி எடுக்கும் நாடோடி. ஆபத்தும் அதை அறிந்தவளும் உதவ முடியாதவனும் ஒரே கணத்தில் நம் முன் நிற்கிறார்கள். மாடி ஜன்னலிலிருந்து அவள் கீழே பார்க்கும்போது கேமரா நேர் செங்குத்தாகக் கீழ்நோக்கி, அண்ணாந்து பார்க்கும் நாடோடியின் முகத்தைக் காட்டுகிறது. வேறொருவரின் காரை எடுத்துக்கொண்டு கணவன் விரைய, துரத்தி வரும் காரை அவன் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குள் காண்கிறோம். மனைவியாக நடித்ததும் வெபர்தான்.

இந்த உத்திகளை வெபர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரித்த திரை அதற்கு முன்பும் இருந்தது. அவர் செய்தது, ஒவ்வோர் உத்தியையும் ஒரு பாத்திரத்தின் அறிவோடு கட்டிப்போட்டது. யார் எதைப் பார்க்கிறார், யாருக்கு எது தெரியாது என்பதே கேமரா நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. உபதேசம் மட்டுமே தெரிந்தவர் என்று அவரைத் தள்ளிவிட நினைப்பவர்கள் முதலில் இந்தப் பத்து நிமிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மதிப்பு தேடிய தொழில்

வெபர் ஏன் தேவைப்பட்டார் என்பது விளங்க, அன்றைய சினிமாவின் சமூக நிலை தெரிய வேண்டும். ஐந்து சென்ட் கொடுத்துப் பார்க்கும் நிக்கலோடியன் கொட்டகைகள் தொழிலாளர்களும் குடியேறிகளும் கூடும் இடங்களாக இருந்தன. இருட்டில் ஆணும் பெண்ணும் அடுத்தடுத்து உட்காருவதே பலருக்குப் பொறுக்கவில்லை. 1907இல் சிகாகோ நகரம் காவல்துறையின் கையில் தணிக்கை அதிகாரத்தைக் கொடுத்தது. 1908 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நியூயார்க் மேயர் மெக்லெல்லன் நகரத்தின் கொட்டகைகள் அனைத்தின் உரிமங்களையும் ரத்து செய்தார். 1915 பிப்ரவரி 23 அன்று, ஓஹாயோ மாநிலத் தணிக்கை தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் திரைப்படம் வெறும் வியாபாரம், பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மாற 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடியிலிருந்து தப்ப முதலாளிகள் நடுத்தர வர்க்கத்தை, குறிப்பாகக் குடும்பப் பெண்களை, அரங்குக்கு வரவழைக்க விரும்பினார்கள். பெண்கள் வந்தால் கண்டனம் ஓயும், நுழைவுக் கட்டணத்தையும் உயர்த்தலாம். மணமானவர், ஊழியம் செய்தவர், பண்பட்ட தோற்றமும் பேச்சும் உடையவர், இலக்கியமும் இசையும் அறிந்தவர் என்ற தகுதிகளோடு வந்த வெபர் இந்தத் தேவைக்குப் பொருத்தமானவராக அமைந்தார். கணவனும் மனைவியும் வீட்டில் அமர்ந்து திரைக்கதை பேசும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1913இல் யுனிவர்சல் தன் படப்பிடிப்பு நகரமான யுனிவர்சல் சிட்டிக்கு அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. நிறுவனத்துக்கு அது பெரிய விளம்பரம். கலிஃபோர்னியாவில் பெண்கள் வாக்குரிமை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்ததால் அந்தச் செய்திக்குத் தனிக் கவனமும் கிடைத்தது.

யுனிவர்சலில் அவர் தனித்திருக்கவும் இல்லை. கிளியோ மேடிசன், ஐடா மே பார்க், ரூத் ஆன் பால்ட்வின், எல்சி ஜேன் வில்சன், கிரேஸ் கனார்ட் எனப் பல பெண்கள் அந்தப் பத்தாண்டில் அங்கே படம் இயக்கினார்கள். தொழில் இன்னும் இறுகாத காலம் அது. எழுதத் தெரிந்தவர் இயக்கவும் இயக்கத் தெரிந்தவர் நடிக்கவும் முடிந்தது.

தடைகளும் வசூலும்

மதிப்புமிக்க பெண் என்ற பெயரை வெபர் துணிச்சலுக்குப் பயன்படுத்தினார். ஓர் ஆண் தொட்டிருந்தால் ஆபாசம் என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய பொருள்களை அவர் நேராகக் கையிலெடுத்தார். 1914இல் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தை முழுநீளப் படமாக எடுத்து, முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண் ஆனார். அதே ஆண்டு பாஸ்வொர்த் நிறுவனத்துக்குச் சென்று எடுத்த 'ஹிப்போக்ரிட்ஸ்' 1915 ஜனவரியில் வெளியானது.

அதன் கதை இரண்டு காலங்களில் நடக்கிறது. இடைக்காலத் துறவி ஒருவர் உண்மையின் சிலையை நிர்வாணப் பெண்ணாகச் செதுக்குகிறார். ஊர் மக்கள் வெகுண்டெழுந்து அவரைக் கொன்றுவிடுகிறார்கள். தற்காலத்தில் அதே நடிகர் ஒரு திருச்சபைப் போதகராக வருகிறார். உண்மை என்னும் பெண் கையில் கண்ணாடியோடு அரசியல், காதல், செல்வர் விருந்து என எல்லா இடங்களுக்கும் சென்று மனிதர்களின் போலித்தனத்தை அவர்களுக்கே காட்டுகிறாள். இரட்டைப் பதிவு உத்தியால் அவள் உடல் ஒளி ஊடுருவும் நிழல்போலத் தெரிகிறது. ஓஹாயோவில் படம் தடைசெய்யப்பட்டது. பாஸ்டன் மேயர் ஒவ்வொரு பிரேமிலும் அந்த உருவத்துக்கு ஆடை வரையச் சொன்னார். மற்ற ஊர்களில் கூட்டம் அலைமோதியது. படத்தின் தொடக்கத்தில் வெபரின் உருவப்படமும் கையெழுத்தும் இடம்பெற்றன. இயக்குநரை ஒரு நூலின் ஆசிரியரைப் போல முன்னிறுத்திய அரிய செயல் அது.

யுனிவர்சலுக்குத் திரும்பிய பிறகு வந்த 1916, அவர் வாழ்வின் உச்சம். அன்னா பாவ்லோவா என்ற உலகப் புகழ்பெற்ற பாலே கலைஞர் நடித்த ஒரே முழுநீளக் கதைப்படமான 'தி டம்ப் கேர்ள் ஆஃப் போர்ட்டிசி', அபின் கடத்தல் பற்றிய படம், மரண தண்டனைக்கு எதிரான 'தி பீப்பிள் வெர்சஸ் ஜான் டோ' ஆகியவை அந்த ஒரே ஆண்டில் வந்தன. கடைசிப் படத்துக்கு அடிப்படை, நியூயார்க்கில் சார்லஸ் ஸ்டைலோ என்ற பண்ணைக் கூலியாள்மீது நடந்த கொலை வழக்கு. மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த அவர் 1918இல் மன்னிப்புப் பெற்று விடுதலையானார்.

பெரும் புயலைக் கிளப்பியது 'வேர் ஆர் மை சில்ட்ரன்?'. கருத்தடை பற்றிய தகவலை அஞ்சலில் அனுப்புவதே 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டப்படி குற்றம். கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர் அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்த காலம். கருத்தடை பற்றி எழுதியதற்காக ஒரு மருத்துவர்மீது வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர், தமக்குக் குழந்தை இல்லையே என்று ஏங்குகிறார். தம் மனைவி பலமுறை கருக்கலைப்புச் செய்துகொண்டவள் என்பது வேறொரு வழக்கின் வழியே அவருக்குத் தெரியவருகிறது. பிறக்காத பிள்ளைகளின் உருவங்கள் முதுமையில் அவர்களைச் சூழ, கணப்பின் முன் இருவரும் அமர்ந்திருப்பதோடு படம் முடிகிறது. பென்சில்வேனியா தணிக்கை வாரியம் படத்தைத் தடைசெய்தது. தடைகளை மீறி யுனிவர்சலுக்கு அது பெரும் வசூலை ஈட்டித் தந்தது.

இந்தப் படத்தைப் பாராட்டி மட்டும் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. ஏழைகளுக்குக் கருத்தடை வேண்டும் என்று அது வாதிடுவது, 'தகுதியற்றவர்கள்' பெருகக் கூடாது என்ற இனமேம்பாட்டுக் கொள்கையின் மொழியில். பணக்காரப் பெண்களின் கருக்கலைப்பையோ அது சுயநலம் என்று தண்டிக்கிறது. பெண்ணின் உடல்மீது பெண்ணுக்குள்ள உரிமை அதன் வாதமே அல்ல. அன்றைய சீர்திருத்த இயக்கத்தின் பெரும்பகுதியில் ஊறியிருந்த இந்தக் கோளாறு வெபரிடமும் இருந்தது. மறுஆண்டு எடுத்த 'தி ஹேண்ட் தட் ராக்ஸ் தி கிரேடில்' படத்தில் அவர் இன்னும் தெளிவாகக் கருத்தடை உரிமையின் பக்கம் நின்றார். மருத்துவர் ஒருவரின் மனைவியாக, கருத்தடைத் தகவலைப் பரப்பிக் கைதாகும் பாத்திரத்தில் அவரே நடித்தார். அந்தப் படம் இன்று கிடைக்கவில்லை.

பொருள்களின் வழியே வறுமை

வெபரின் கலை எங்கே தழைக்கிறது, எங்கே வாடுகிறது என்பதை ஒரே படத்தில் காண விரும்புகிறவருக்கு 1916இன் 'ஷூஸ்' போதும். மலிவுப் பொருள் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்யும் ஈவா, வாரக் கூலியை அப்படியே அம்மாவிடம் கொடுக்கிறாள். அப்பா வேலை தேடாமல் படுக்கையில் கிடந்து மலிவு நாவல் வாசிக்கிறார். ஈவாவின் காலணி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் புதிய ஜோடி வாங்கித் தருவதாக அம்மா சொல்கிறாள், ஒவ்வொரு வாரமும் பணம் வாடகைக்கும் மளிகைக்கும் போய்விடுகிறது. கடைசியில் கேளிக்கை விடுதிப் பாடகன் ஒருவனிடம் தன்னைக் கொடுத்து அவள் காலணி வாங்குகிறாள். அவள் வீடு திரும்பும் நாளில்தான் அப்பாவுக்கு வேலை கிடைக்கிறது.

சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் 1912இல் பாலியல் தொழில் பற்றி எழுதிய நூலும் ஒரு பத்திரிகைக் கதையும் படத்துக்கு அடிப்படை. ஆனால் அதைத் தாங்குவது நுணுக்கமான விவரங்கள். ஈவா அட்டையைக் கத்தரித்து உள்ளங்காலுக்குச் செருகுகிறாள். மழையில் அட்டை கூழாகிறது. இரவில் வெந்நீரில் காலை நனைக்கிறாள். கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடல் எடையை மாற்றுகிறாள். கேமரா மறுபடி மறுபடி அவள் பாதத்துக்குத் திரும்புகிறது. நாயகியாக நடித்தவர் மேரி மெக்லாரன். தேய்மானத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு, அவள் முடிவெடுக்கும் கணத்தில் அவளைக் கண்டிக்க வாய்ப்பே இருப்பதில்லை.

அதே படத்தில், தூங்கும் ஈவாவின் மேல் 'வறுமை' என்று எழுதிய ஒரு பெரிய கை வந்து கவிகிறது. அட்டை உள்ளங்கால் ஏற்கெனவே சொல்லிவிட்டதை அந்தக் கை திரும்பச் சொல்கிறது. வெபரிடம் இரண்டு பேர் இருந்தார்கள்: கூர்ந்து பார்ப்பவர் ஒருவர், விளக்கிச் சொல்பவர் மற்றவர். தன் படங்களைப் பிரசங்க மேடையாகவும் பத்திரிகைத் தலையங்கமாகவும் வெபர் வெளிப்படையாகவே கருதினார். கூர்ந்து பார்ப்பவர் முன்னால் நிற்கும் படங்கள் நூறாண்டு கழிந்தும் மங்கவில்லை.

சொந்த ஸ்டுடியோவும் 'தி பிளாட்' படமும்

1917இல் வெபர் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, லாஸ் ஏஞ்சலஸின் சான்டா மோனிகா சாலையில் சொந்த ஸ்டுடியோ அமைத்தார். ஒரே நேரத்தில் பல படங்களைச் செய்துதள்ளாமல், ஒரு படத்தை எடுத்து முடித்தபிறகு அடுத்ததைத் தொடுவது அவர் முறை. கதை நிகழும் வரிசையிலேயே காட்சிகளைப் படமாக்குவதை விரும்பினார். 1920இல் பேமஸ் பிளேயர்ஸ்–லாஸ்கி நிறுவனம் அவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம், படத்துக்கு 50,000 டாலரும் லாபத்தில் பாதியும் என்றது.

அந்தச் சுதந்திரத்தில் விளைந்த தலைசிறந்த படம் 1921இல் வந்த 'தி பிளாட்'. கறை என்பது தலைப்பின் பொருள். சொற்பச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு கல்லூரிப் பேராசிரியர், அவர் மனைவி, நூலகத்தில் வேலை செய்யும் மகள் அமீலியா. பக்கத்து வீட்டில் காலணி செய்து செழிக்கும் குடியேறிக் குடும்பம். அமீலியாவைக் காதலிப்பவர்களில் இருவர்: கல்லூரியின் பணக்கார மாணவன், கையில் காசில்லாத இளம் போதகர். உண்மையான வீடுகளிலும் தெருக்களிலும், இயல்பான ஒளியை ஒட்டி வெபர் படமாக்கினார். நைந்த கம்பளம், கிழிந்த நாற்காலி உறை, விருந்தாளிக்குத் தேநீர் தர முடியாத அம்மாவின் முகம் என வறுமையை அடுக்கடுக்காகக் காட்டுகிறார்.

படத்தின் நடுவே ஒரு கோழி வருகிறது. மகள் காய்ச்சலில் கிடக்கிறாள், நல்ல உணவு வேண்டும், வாங்கப் பணமில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் வறுத்த கோழி தெரிகிறது. அம்மா கை நீட்டி எடுக்கிறாள், மனம் கூசித் திரும்ப வைத்துவிடுகிறாள். எடுத்ததைப் பார்த்த மகள் திரும்ப வைத்ததைப் பார்க்கவில்லை. பேச்சே இல்லாத இந்தக் காட்சியில் பசி, மானம், தாய்மை, தவறான புரிதல் எல்லாம் பார்வைகளின் வழியே நடக்கின்றன. 'சஸ்பென்ஸ்' படத்தில் திரையை மூன்றாகப் பிரித்து வெபர் செய்ததை இங்கே ஒரு ஜன்னலும் இரண்டு ஜோடிக் கண்களும் செய்துமுடிக்கின்றன. கதை காதலர்களின் பக்கம் சாய்ந்தாலும், இறுதிக் காட்சியை வெபர் கொடுப்பது தோற்றுத் தனியே நடந்துபோகும் போதகருக்கு. ஆசிரியர் சம்பளப் பிரச்சினை ஒரு திருமணத்தோடு தீர்ந்துவிடாது என்பது அவருக்குத் தெரியும்.

பணம் வந்ததும் மாறியவை

'தி பிளாட்' வெளிவருவதற்குள்ளேயே லாஸ்கி நிறுவனம் மூன்று படங்களோடு அவரைக் கைவிட்டது. எஞ்சியவற்றைச் சிறு விநியோகஸ்தர் ஒருவர் வெளியிட்டார். வெபரின் நிறுவனமும் நிலைக்கவில்லை. 1922இல் ஸ்மாலியோடு மணமுறிவு ஏற்பட்டது, உடலும் மனமும் தளர்ந்தன. இந்தத் தனிப்பட்ட துயரம் மெய்யானது. அதையே முழுக் காரணமாகக் கொள்வதுதான் தவறு.

1919இல் பேமஸ் பிளேயர்ஸ்–லாஸ்கி வால் ஸ்ட்ரீட் வங்கியின் உதவியோடு ஒரு கோடி டாலர் திரட்டி அரங்குகளை வாங்கத் தொடங்கியது. தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றும் ஒரே கையில் சேர்ந்தன. அரங்குக்காரர்கள் ஒரு நிறுவனத்தின் படங்களை மொத்தமாக வாங்கியாக வேண்டிய நிலை வந்தது. வெளியே நின்ற சிறு நிறுவனங்களுக்குத் திரை கிடைக்கவில்லை. ஸ்டுடியோவுக்குள் முடிவெடுக்கும் இடம் இயக்குநரிடமிருந்து தயாரிப்பு மேலாளருக்கு நகர்ந்தது. 1922இல் இயக்குநர் எரிக் வான் ஸ்ட்ரோஹைமைப் படத்தின் நடுவிலேயே யுனிவர்சலின் தயாரிப்புப் பொறுப்பாளர் இர்விங் தால்பெர்க் நீக்கியது இந்த மாற்றத்தின் அடையாளம்.

அதே 1922இல், தொடர்ந்த ஒழுக்கக்கேட்டுச் செய்திகளால் கலங்கிய தொழில், முன்னாள் அஞ்சல் துறை அமைச்சரும் பிரஸ்பிட்டீரியன் திருச்சபை மூப்பருமான வில் ஹேஸை அழைத்துத் தன் பொதுச் சங்கத்தின் தலைவராக்கியது. வெபரின் கதையில் இதன் இடம் பெரிது என்று நினைக்கிறேன். அதுவரை சினிமாவின் மதிப்பை வெபரைப் போன்ற படைப்பாளிகள் தங்கள் படங்களாலும் வாழ்க்கையாலும் ஈட்டித் தந்தார்கள். இனி அதற்கென ஓர் அலுவலகமே இருந்தது. தணிக்கையாளர்களோடு மல்லுக்கு நிற்கும் படைப்பாளியின் துணிச்சல் அதன்பின் தொழிலுக்குச் சொத்தாக இல்லை, தொந்தரவாக மாறியது. ரசனையும் மாறியிருந்தது. திருமணத்தைப் பட்டாடைகளோடும் குளியலறைகளோடும் காட்டிய டெமிலின் நகைச்சுவைப் படங்களின் முன், செலவுக் கணக்கையும் மனக்கசப்பையும் காட்டிய வெபரின் இல்லறப் படங்கள் பழையதாகத் தோன்றின.

ஆண் இயக்குநர்களும் இந்த மாற்றத்தில் அதிகாரத்தை இழந்தார்கள். கிரிஃபித் 1931க்குப் பிறகு படம் எடுக்கவில்லை. ஆனால் அதிகாரம் இழந்த ஆண்களின் இடத்துக்கு வேறு ஆண்கள் வந்தார்கள். பெண்கள் காலி செய்த நாற்காலிகளில் பெண்கள் உட்காரவில்லை. ஃபிரான்சிஸ் மரியன், அனிதா லூஸ் போன்றவர்கள் திரைக்கதையில் செழித்தார்கள். எழுத்தாளரை மாற்றுவது தயாரிப்பாளருக்கு எளிது, ஆகவே அந்தக் கதவு திறந்தே இருந்தது. நூறு பேருக்கு ஆணையிடும் இயக்குநர் பதவி மூடிக்கொண்டது. 1927இல் முதல் படம் எடுத்த டாரத்தி ஆர்ஸ்னர் 1930களில் பெரிய ஸ்டுடியோக்களில் தனியொரு பெண் இயக்குநராக நின்றார்.

வெபர் உடனே ஓய்ந்துவிடவில்லை. 1926இல் மறுமணம் செய்துகொண்டு, பில்லி டவ் நடித்த 'தி மேரேஜ் கிளாஸ்', 'சென்சேஷன் சீக்கர்ஸ்' ஆகியவற்றை இயக்கினார். பேசும்படக் காலத்தில் யுனிவர்சலில் புதுமுகங்களைத் தேடிச் சோதிக்கும் வேலை பார்த்தார். 1934இல் ஹவாயின் கவாய் தீவில், கரும்புத் தோட்டப் பின்னணியில் 'ஒயிட் ஹீட்' எடுத்தார். அவர் இயக்கிய ஒரே பேசும்படமும் கடைசிப் படமும் அதுதான்.

மறதி எப்படி உருவானது

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை வெளிவந்த ஏறத்தாழ 11,000 அமெரிக்க முழுநீள மௌனப் படங்களில் 14 சதவீதம் மட்டுமே மூல வடிவில் எஞ்சியுள்ளன. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், பொடிந்துபோகும். 1948இல் யுனிவர்சல் தன் கைவசமிருந்த மௌனப்பட நெகட்டிவ்களைத் தானே அழித்தது. வெபரின் வேலையில் பெரும்பகுதி யுனிவர்சலுக்காகச் செய்தது. நூற்றுக்கணக்கில் அவர் எடுத்தவற்றில் இன்று கிடைப்பவை சில மட்டுமே.

எஞ்சியவை பார்க்கக் கிடைக்காதபோது, வரலாற்று நூல்கள் முந்தைய நூல்களைப் பார்த்து எழுதின. கிரிஃபித்துக்கு 1936இல் அகாடமி கௌரவ விருது அளித்தது. அவரை அமெரிக்க சினிமாவின் தந்தை என்று அழைக்கும் வரலாறு உருவானது. அந்த வரலாற்றில் வெபர் ஓர் அடிக்குறிப்பு. 1970களில் பெண்ணிய ஆய்வாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் அவரைத் தேடத் தொடங்கினார்கள். கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 'தி பிளாட்' படத்தை மீட்டெடுத்தார்கள். நெதர்லாந்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் தன்னிடமிருந்த சிதைந்த பிரதிகளிலிருந்து 'ஷூஸ்' படத்தை மறுசீரமைத்தது. 1996இல் ஆன்டனி ஸ்லைடும் 2015இல் ஷெல்லி ஸ்டாம்ப்பும் எழுதிய நூல்கள் அவர் வாழ்க்கையை ஆதாரங்களோடு நிறுவின.

இந்த மீட்பைக் கொண்டாடும்போதே, அது எதைக் கற்பிக்கிறது என்றும் கேட்க வேண்டும். விடுபட்ட ஒரு பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினால், வெபரை உயர்த்திய சூழலும் இறக்கிய சூழலும் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். பெண்கள் முன்னேற்றம் படிப்படியாக மேலே போகும் நேர்கோடு என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஹாலிவுட்டின் முதல் இருபது ஆண்டுகள் அந்த நம்பிக்கையை மறுக்கின்றன. 1916இல் இருந்த இடம் 1930இல் இல்லை. திறமை குறைந்ததால் அந்த இடம் போகவில்லை. மூலதனமும் விநியோகமும் தேர்வுரிமையும் சில கைகளில் குவிந்தபோது போனது. ஒருவரின் நற்பெயரை நம்பித் திறக்கும் கதவு, அந்த நற்பெயர் தேவைப்படாத நாளில் மூடிக்கொள்ளும். உரிமையாகவும் உடைமையாகவும் நிலைபெறாத வாய்ப்பு எந்தத் தொழிலிலும் நெடுநாள் தங்குவதில்லை. வெபர் அதை உணர்ந்துதான் சொந்த ஸ்டுடியோ கட்டினார். திரையரங்குகள் அவர் கையில் இல்லாததால் அந்த ஸ்டுடியோ மட்டும் போதவில்லை.

அவரைப் படிக்க வேண்டியதற்கான முதல் காரணம் இந்தப் பாடம்கூட அல்ல, எஞ்சியிருக்கும் படங்கள்தான். கூலி, வாடகை, காலணி, கோழி, கம்பளம் ஆகியவற்றை வைத்து ஒரு சமூகத்தின் மனச்சாட்சியைச் சோதிக்க முடியும் என்று, சினிமா தன் மொழியைக் கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் நிறுவிக் காட்டினார். அவருடைய சில முடிவுகளோடு நமக்கு உடன்பாடில்லை. அவர் பார்த்த விதத்திலிருந்து கற்றுக்கொள்ள இன்னும் மிச்சமிருக்கிறது. அமெரிக்க சினிமாவின் தொடக்கத்தை எழுதுகிற எவரும் அவரைப் பெண் இயக்குநர்கள் என்ற தனி அத்தியாயத்தில் ஒதுக்கிவைக்காமல், கிரிஃபித்துக்கு எதிரே நிறுத்தி, ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டில் அவர் தாழ்ந்துவிட மாட்டார் என்பதற்கு 'சஸ்பென்ஸ்', 'ஷூஸ்', 'தி பிளாட்' ஆகிய மூன்று படங்களே போதிய சான்று.